கோமதி வெட்டிப் பார்த்த பக்கங்கள்

சனிக்கிழமை காலை ஹவுராவிலிருந்து படகில் வந்துகொண்டிருந்தபோது கோமதியின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டா, வித்யா. ஆறு மணிக்கு." என் மடியில் அவளுக்கு வாங்கிய ஆரஞ்சுப் பழப் பை இருந்தது. ஒன்பது வருஷம் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் இனி இல்லை என்றதும் அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது பயம். திங்கட்கிழமை முதல் ஒரு மருத்துவமனை நர்ஸுகள் பயன்படுத்தப் போகிற எங்கள் மென்பொருளுக்கு, கோமதி செய்கிற சோதனையைச் செய்யாமலே நான் 'சரி' என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

இந்த அஞ்சலியைப் படிக்கிற, காளிகாட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களான உங்களுக்கு அவள் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்த துறைமுக ஆபீஸர் மகள். பூட்டிய வீட்டுக் கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற பதற்றக்காரி. எங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் 'கோமதி தி'. இங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு மட்டும் வெறும் கோமதி, ஒரே வயசு. நாங்கள் என்ன வேலை செய்தோம் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. ஸ்கேன் செய்த பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி, எது அட்டவணை என்று எங்கள் மென்பொருள் கட்டம் போட்டுக் கண்டுபிடிக்கும். பிறகு பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வைக்கும். ஒரு மருந்தைப் பற்றிக் கேட்டால் கையேடு முழுவதும் வராது, அதற்கான துண்டு மட்டும் வரும்.

அந்தத் துண்டு தனியாக நிற்குமா என்பதுதான் கோமதியின் கவலை. நாங்கள் மற்றவர்கள் திரையில் பார்த்தோம். அவள் பக்கங்களை அச்செடுத்து, மென்பொருள் பிரித்த இடத்திலெல்லாம் கத்தரியால் வெட்டி, ஒரு துண்டை மட்டும் யாரிடமாவது நீட்டி, "இதை வச்சுக்கிட்டு என்ன செய்வீங்க?" என்று கேட்பாள். மேனேஜருக்கு எரிச்சல். "பேப்பரை ஒழிக்கத்தானே நாம கம்பெனி நடத்தறோம்?" என்றார். "ஒழிங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை வெட்டிப் பாத்துக்கறேன்" என்றாள்.

ஒருநாள் வாசலில் உட்கார்ந்திருக்கும், நாங்கள் 'தாதா', அதாவது அண்ணன், என்று கூப்பிடும் செக்யூரிட்டிக்காரரிடம் ஒரு துண்டை நீட்டினாள். காலையில் இரண்டு மாத்திரை, இரவில் இரண்டு என்று இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "எனக்கா, தீதி? பிரஷருக்கா?" என்று வங்காளத்தில் கேட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. மருந்தின் பெயரும், முதல் மாதக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரியும் இருந்த தலைப்பு வேறு துண்டில் போயிருந்தது. "தலைப்பில்லாத அட்டவணை அட்ரஸ் இல்லாத லெட்டர் மாதிரி, வித்யா. யார் வீட்டுக்குள்ள வேணாலும் போயிரும்" என்றாள். அன்று வெளியாக வேண்டிய கையேடு பத்து நாள் தள்ளிப் போனது.

அவளோடு வேலை செய்வது சுலபமில்லை, இதையும் சொல்லத்தான் வேண்டும். துர்கா பூஜைக் கூட்டத்தில், புதுப் புடவையும் கையுமாக, மெட்ரோவிலிருந்து பவானிபூரில் பாதி வழியில் இறங்கி எனக்குப் போன் செய்வாள். "ஷோனோ" என்று ஆரம்பித்தாலே போனை வைத்துவிடத் தோன்றும். 'கேள்' என்றுதான் அதற்கு அர்த்தம். "ஷோனோ, அந்த அடிக்குறிப்பு எந்தத் துண்டோட போச்சு?" என்பாள். "உன் பயத்துக்கு மருந்து எந்தப் பக்கத்தில இருக்குன்னு பாரு" என்று கத்தியிருக்கிறேன்.

கடைசியாக நடந்த ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் நர்ஸுகளின் மருந்துக் கையேடு முடிந்தது. திரையில் எல்லாக் கட்டமும் ஒழுங்காக இருந்தது. முந்நூறு பக்கத்தை யார் வெட்டுவது? 'சரி' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை அவளைப் பார்க்கப் போனபோது முதல் கேள்வியே அதுதான்.

"வெட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பக்கம் தாண்டிப் போற அட்டவணையெல்லாம்?"

"எல்லாந்தான். நீ தூங்கு."

தூங்கினாள். நெற்றிச் சுருக்கம் போய் நிம்மதியாகத் தூங்கினாள். சனிக்கிழமை அவளிடம் உண்மையைச் சொல்லத்தான் கிளம்பினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு சும்மா பார்க்கத்தான் கிளம்பினேன்.

தகனம் முடிந்த மறுநாள் காலை, ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸுக்குப் போய் அச்செடுக்க ஆரம்பித்தேன். அச்சான பக்கங்களை ஒவ்வொன்றாக வெட்டினேன். ஒன்றுமே தப்பாக இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். மத்தியானம் இருநூற்றுப் பதினொன்றாம் பக்கம் வந்தது. முந்தைய பக்கத்தில் தொடங்கிய அட்டவணையின் பாதி. மருந்தின் பெயர் இருந்தது, அளவு இருந்தது. பெரியவர்களுக்கு மட்டும் என்ற தலைப்பு முந்தைய பக்கத் துண்டிலேயே நின்றுவிட்டது. அந்த மருந்தைக் குழந்தைகள் வார்டிலும் கொடுப்பார்கள்.

மேனேஜரைப் போனில் கூப்பிட்டு, நாளைக்கு வெளியிட முடியாது என்றேன். "கோமதி மாதிரி வெட்டிப் பாத்தாச்சுன்னு நினைச்சேனே" என்றார். "யாருமே பாக்கல சார். நான் பாக்காம எழுதிட்டேன்" என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "சரி, நிறுத்திடறேன். மிச்சத்தையும் வெட்டுங்க" என்றார்.

வெட்டி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. இன்னும் இரண்டு இடம் கிடைத்தது.

கோமதியிடமிருந்து எனக்கென்று மிச்சமிருப்பது அவளுடைய பயம். ஒன்பது வருஷம் கிண்டல் செய்த அதே பயம்தான். இப்போது யாராவது 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொன்னால் நான் கத்தரியை எடுக்கிறேன். அந்தப் பயத்தைப் போக்கிக்கொள்ள நான் முயலப் போவதில்லை. ஆனால் நான் கடைசியாகப் பார்த்தபோது அவள் தூங்கியது என் வார்த்தையை நம்பி. முந்நூறு பக்கத்தையும் சரிசெய்தாகிவிட்டது, 'பாத்தேன்' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சரிசெய்ய அவள் இல்லை.