போஸ்டர் சட்டையின் நிறம்

“ஆவணி 12, வியாழன். மாலை போஸ்டர் வந்தது. அக்கா இந்த முறை சொந்தமாகப் போடப் போவதாகச் சொன்னாள். மேகம் இருந்தது, மழை இல்லை.”

அன்றைக்கு என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. ஆண்டை எழுதாமல் விடுகிறேன். எழுதினால் எந்த நடிகர், எந்தப் படம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அண்மையில் வந்துபோன ஒரு தீபாவளி என்று வைத்துக்கொண்டால் போதும்.

பெரிய நடிகரின் படத்துக்கு முதல் போஸ்டர் வெளியாகும் மாலைகளில் திருப்பூரில் ஒரு வேலை நடக்கும். ரசிகர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இங்கே டீக்கடையில் நிற்பவர்கள் போனில் படத்தை இரண்டு விரலால் விரித்துக் கழுத்துக்குக் கீழே பார்ப்பார்கள். காலர் பின்னலா, துணியா? பட்டன் இரண்டா, மூன்றா? கைப்பட்டியில் கோடு உண்டா? மறுநாள் காலையில் மாதிரி வெட்டியாகிவிடும். அந்த வாரத்துக்குள் காதர்பேட்டை மொத்த விலைக் கடைகளில் அந்தச் சட்டை தொங்கும், படத்தின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டு. ஒரு காலத்தில் சேலைகளுக்குப் படங்களின் பெயர் வைத்து விற்றார்கள் என்று படித்திருக்கிறேன். வாரப் பத்திரிகை அட்டையைக் கிழித்துக்கொண்டுபோய் டெய்லரிடம் நீட்டிய பெண்கள் எங்கள் உறவிலேயே உண்டு. ஆனால் அந்தச் சேலையைப் படம் பார்த்தவர்கள் கேட்டார்கள். இப்போது படம் வருவதற்கு முன்பே சட்டை விற்றுத் தீர்ந்துவிடுகிறது.

அக்கா திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் சின்னதாக ஒரு யூனிட் வைத்திருந்தாள். ஒரு கொட்டகை, சில தையல் மெஷின்கள், மாமா இறந்த பிறகு அவளே பார்த்துக்கொண்ட ஜாப் ஒர்க். அடுத்தவர்கள் வெட்டிக் கொடுப்பதைத் தைத்துக் கொடுப்பது, கழுத்தில் அடுத்தவர்களின் லேபிளை வைத்து அடிப்பது. அதற்கு முன்னால் பல ஆண்டுகள் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். வெள்ளைத் துணியை டியூப்லைட் அடியில் விரித்து ஓட்டை, கறை, நூல் பிசிறு தேடும் வேலை. அவள் கையைத் தாண்டி ஒரு குறையுள்ள பீஸ் போகாது என்று கம்பெனியில் பேர் இருந்தது. அந்தப் பேரோடு கண்ணெரிச்சலையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்தத் தீபாவளிக்குத் தன் பெயரில் லேபிள் அடிக்க வேண்டும் என்று முடிவுசெய்தாள். அது கைகூடினால் இனி யாருடைய லேபிளையும் தைக்க வேண்டாம். இல்லையென்றால் கொட்டகையே மிஞ்சாது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லேபிளை மட்டும் முதலிலேயே நெய்து வாங்கிவிட்டாள். ஒரு சுருளை என் மேசைமேல் வைத்து, “தொட்டுப் பாரு, சொரசொரங்காது” என்றாள். மெத்தென்றுதான் இருந்தது.

அக்காவின் போனில் நான் பார்த்த போஸ்டரில் நடிகர் மழையில் நின்றிருந்தார். அரைக்கை டீ-ஷர்ட், காலர் வைத்தது. நிறம்தான் அதில் புதிது. நான் மறுநாள் நாளிதழில் அதே படத்தைப் பார்த்தேன். சட்டை கருநீலமாக இருந்தது. அக்காவிடம் சொன்னேன். பேப்பர்காரன் மையைக் கொட்டி வைத்திருப்பான், அதைப் பார்த்தா சாயம் போடுவார்கள் என்று சிரித்தாள்.

சாயப்பட்டறையில் நிறம் பொருத்துவது சாமி கும்பிடுவது மாதிரி நடக்கும். உள்ளே கறுப்பு அடித்த ஒரு பெட்டி. பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, வீட்டு வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு. மூன்றிலும் மாதிரித் துணியும் சாயமிட்ட துண்டும் ஒன்றாகத் தெரிந்தால்தான் சாய மாஸ்டர் தலையாட்டுவார். துணி இல்லாமல் போனை நீட்டினால் அவருக்குக் கோபம் வரும். அந்த வாரம் எல்லோரும் போனைத்தான் நீட்டினார்கள். அவரும் கோபப்பட்டு ஓய்ந்திருந்தார்.

அக்காவின் போனை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்திருக்கிறார். “ஏனுங்க அம்மிணி, மத்தவிங்க எல்லாம் நீலங் கேக்கறாங்க. நீங்க பச்சை காட்டறீங்க?”

“அவிங்களுக்குக் கண்ணு தெரியலீங்ண்ணா,” என்றிருக்கிறாள் அக்கா. “நான் செக்கிங்ல இருந்தவ.”

இதை மாஸ்டரே பின்னால் என்னிடம் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை. அவள் சொன்ன தோரணையில் தனக்கே சந்தேகம் வந்துவிட்டது என்றார். துண்டுத் துணியில் சாயம் ஏற்றி, மூன்று விளக்கிலும் பார்த்து, அவள் போனோடு ஒட்டவைத்துப் பார்த்து, நூலிழை பிசகாமல் அந்தப் பச்சையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஈரப் பாசியின் பச்சை. அழகான நிறம் என்பதை இப்போதும் சொல்வேன்.

புரட்டாசி முழுக்கக் கொட்டகை விளக்கு அணையவில்லை. தைக்க இரண்டு பீகார் பையன்களைக் கூடுதலாகச் சேர்த்தாள். ஊர் முழுக்க நீலம் வெட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தன்னுடையது மட்டும்தான் சரி என்பதால் தன்னுடையதுதான் விற்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

காதர்பேட்டையில் பல வருடப் பழக்கமுள்ள ஒரு பாய் கடை இருந்தது. மாதிரியைக் கொடுக்க நானும் கூடப் போனேன். அவர் சட்டையை எடுத்து உதறினார், கழுத்தைத் தடவினார், தையலைத் திருப்பிப் பார்த்தார். லேபிளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு ரொம்பப் பணிவாகக் கேட்டார்: “தையல் சுத்தமா இருக்குதும்மா. இது எந்தப் படத்துச் சட்டைங்க?”

அக்கா சொன்னாள். அவர் கடையின் முன்பக்கத்தைக் காட்டினார். வரிசையாக நீலம். அக்கா போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். போஸ்டரில் பச்சை. அவர் தன் போனை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதே போஸ்டர், நீலம். இரண்டு போனையும் நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அவளுடைய திரை முழுவதுமே லேசாக மஞ்சள் படிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எழுத்துக்குப் பின்னால் இருந்த வெள்ளைகூட வெள்ளையாக இல்லை.

கண் எரிகிறது என்று அவள் போன் கடையில் சொன்னபோது, கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று அந்தக் கடைக்காரர் திரையை மஞ்சளாக்கும் அமைப்பைப் போட்டுக் கொடுத்திருந்தார். ஒன்றரை வருடமாக அவள் உலகத்தை அந்த மஞ்சள் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதை அணைத்தேன். நடிகரின் சட்டை அவள் கையிலேயே நீலமாக மாறியது.

பாய் டீ சொன்னார். அவளுடையதை ஆடிக் கழிவுக்கு வைத்துப் பார்க்கலாம் என்றார். ஆடிக்கு இன்னும் எத்தனை மாதம் என்று அவருக்குத் தெரியாததல்ல.

சரக்கை எப்படியாவது தள்ளிவிட வேண்டுமே என்று அலைந்தபோதுதான் ஒரு வீடியோக்காரர் வந்தார். திருப்பூர் மொத்த விலைக் கடைகளைப் போனில் படம்பிடித்துப் போடுகிறவர். அவர் காட்டிய கடைகளுக்கு மதுரையிலிருந்தெல்லாம் ஆள் வருவதை நான் பார்த்திருக்கிறேன். அக்கா கல்யாணங்களுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றாள். சட்டையின் துணி, தையல், சாயம் போகாத உத்தரவாதம் எல்லாம் நிதானமாகச் சொன்னாள். அவர் கடைசியில், “நீலத்துக்குப் பதிலா ஏங்க்கா பச்சை?” என்று கேட்டார். அவளுக்குப் பொய் வரவில்லை. “என்ற போன்ல இதானுங்க கலரு,” என்றாள்.

வெளியான வீடியோவில் துணியும் இல்லை, தையலும் இல்லை. அந்த ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. நடுநடுவே கூட்டம் சிரிக்கும் சத்தம். அவள் முகத்தில் பச்சை பூசிவிட்டிருந்தார்கள். நான் வேலை பார்க்கும் கம்பெனியில் மதிய உணவு நேரத்தில் ஒரு பெண் என்னிடமே அதைக் காட்டினாள், யாரென்று தெரியாமல். கீழே எழுதியிருந்தவற்றில் மோசமானவற்றை விட்டுவிடுகிறேன். ‘அக்காவுக்கு யாராச்சும் ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா’ என்பதுதான் இருப்பதில் மரியாதையானது. பார்த்தவர்களில் ஒருவர்கூட ஒரு சட்டை கேட்டு அழைக்கவில்லை. அந்த வீடியோக்காரரை நான் தொலைபேசியில் பிடித்தேன். விளம்பரம்தானுங்களே அண்ணா, ஊரே அக்காவைப் பற்றிப் பேசுதுங்களே என்றார். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது, நாங்கள் நன்றி சொல்லவில்லை என்று.

படம் வெளியாகி நான்காம் நாள், ஐப்பசியில், நான் மட்டும் போய்ப் பார்த்தேன். அந்தச் சட்டை ஒரே ஒரு காட்சியில் வருகிறது. மழை, இருட்டு, தெருவிளக்கு. தியேட்டர் திரையில் அது நீலமாகவும் இல்லை, பச்சையாகவும் இல்லை. சாம்பல் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஊர் முழுக்க அடித்த நீலமும் தப்புதான். ஆனால் அது அதற்குள் விற்றுத் தீர்ந்திருந்தது. எல்லோரும் சேர்ந்து செய்த தப்பைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அதற்கு வீடியோவும் இல்லை.

பச்சைச் சட்டைகள் தை மாதத்தில் எடைக்குப் போயின. வாங்கியவர்கள் லேபிளைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார்கள். கடைசி இரண்டு நாள் அக்காவும் நானும் உட்கார்ந்து அதைப் பிரித்தோம். தையல் கெட்டியாக இருந்ததால் நேரம் பிடித்தது. மெஷின்களை ஓட்டல் ஊழியர்களுக்குச் சீருடை தைக்கும் ஒருவர் எடுத்துக்கொண்டார். அக்கா இப்போது ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மறுபடி செக்கிங்கில் இருக்கிறாள். அங்கே அவளை வீடியோவில் பார்த்தவர்கள் உண்டு.

அவள் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. போன மாசியில் ஒருமுறை, எங்கள் வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்கும்போது கேட்டாள்: “நீதான் எல்லாத்தையும் எழுதி வெக்கிறவனாச்சே கண்ணு. நெசமாலும் அது என்ன கலருடா?”

தேடினேன். ஒரு வார இதழில் அந்தப் படத்தின் உடை வடிவமைப்பாளர் பேட்டி கொடுத்திருந்தார்: கடலின் நீலம், நாயகனின் தனிமை, மாதக்கணக்கில் நிறத்தைத் தேடியது. ஒரு பக்கம் முழுக்க. பிறகு அவிநாசிபாளையத்தில் ஒரு கல்யாணத்தில், அந்தப் படத்தில் உடைகளுக்கு இஸ்திரி போட்டதாகச் சொன்ன ஒருவரைப் பார்த்தேன். அவர் இலையிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்: அது வெள்ளைச் சட்டை, நீலமெல்லாம் பிற்பாடு கம்ப்யூட்டரில் ஏற்றியது.

அவர் அந்தப் படத்தில் வேலை செய்தாரா என்பதற்கு அவர் சொல் தவிர வேறு ஆதாரம் இல்லை. அவருக்குப் பிறகு வேறு யாரிடமும் விசாரிக்க வழி கிடைக்கவில்லை. அக்காவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தச் சட்டை வெள்ளை என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படாத தகவல்.