மூன்று மாத்திரை, இரண்டு வயிறு

எனக்கு முன்னால் என் வயிறு தீவுக்காரியாகிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் ஹிந்தியில் நான் எருமையை ஆம்பளையாக்கிவிடுகிறேன், பால்காரன் சிரிக்கிறான். ஆனால் இந்தத் தீவில் நான் குடியிருக்கும் சிப்பிகாட் ஊரில், குழாயில் எந்த நிறத்தில் தண்ணீர் வந்தாலும் என் வயிறு 'டீக் ஹை', சரிதான் என்று வாங்கி வைத்துக்கொள்கிறது. மெயின்லாண்டிலிருந்து வருகிறவர்களுக்கு அப்படி இல்லை. முதல் நாள் கடலைப் பார்த்து வாய் பிளப்பார்கள். மூன்றாம் நாள் மருந்துக்கடை பெஞ்சில் முழங்காலைச் சேர்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பார்த்துச் சிரிக்கக் கூடாதுதான். நான் சிரித்திருக்கிறேன். சிரித்ததற்குக் கூலி என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

என் தங்கச்சி ராசம்மா நீலகிரியிலிருந்து வந்திருந்தாள். சிலோன் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசைவீடான லயத்தில், ஒரே காம்பராவில் பிறந்தவர்கள் நாங்கள். கப்பலேறி இந்தியாவுக்கு வந்தபோது, அவள் புருஷனைத் தேயிலைக்கும் என் புருஷனை ரப்பருக்கும் எழுதிவிட்டார்கள். அம்மா என்னோடு நிக்கோபாரில் இருக்கும் கட்சால் தீவுக்கு, ரப்பர் தோட்டத்துக்கு வந்தாள். அங்கேயே கண்ணை மூடினாள். ரப்பர் மரங்களுக்கு ஓரமாக, மேட்டில் புதைத்தோம். பிறகு சுனாமி வந்தது. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் ஏறி வந்துவிட்டேன். மேடும் அம்மாவும் அங்கேயே இருக்கிறார்கள். சாவுக்கு வர முடியாத ராசம்மாவுக்கு ஒரே ஆசை, அந்த இடத்தில் ஒரு கட்டி சூடம் கொளுத்த வேண்டும். நிக்கோபார் பக்கம் போக வெளியாட்களுக்குப் பாஸ் வேண்டும். என் மகன் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வாங்கினான். வெள்ளிக்கிழமைக் கப்பல். அதை விட்டால் பாஸும் செல்லாது, அவள் திரும்பும் நாளும் வந்துவிடும்.

திங்கட்கிழமை பஜாரில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு குடித்தோம். நான் ஒன்று, அவள் இரண்டு. மலைக்காரிக்கு எங்கள் வெயில் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து கக்கூசுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். நான் உப்பும் சர்க்கரையும் கலந்த பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டு, இந்த நடைக்குக் கட்சாலே போய்ச் சேர்ந்திருக்கலாம், கப்பல் எதற்கு என்று கேலி பேசினேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரி, பேதியை உடனே நிறுத்தும் மாத்திரை ஒன்றைக் கொண்டுவந்தாள். என் பிஸ்கட் டப்பாவிலும் யாருக்கோ எப்போதோ டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் மிச்சம் கிடந்தது. எதைக் கொடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கையில் ராசம்மாவின் கை என் கையில் பட்டது. அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. கேலியை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

டாக்டரம்மா ஒரு பெங்காலிப் பெண், என் பேத்தி வயசு. அவள் ஹிந்தியில் கேட்க, நான் தமிழில் கேட்க, ராசம்மா வெட்கத்தில் சுவரைப் பார்த்தாள். எத்தனை தடவை போனாய் என்றால் மூன்று விரல் காட்டினாள். நான் என் பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, உங்களில் நோயாளி யார் என்று கேட்டாள். ரத்தம் போகிறதா என்றபோதுதான் ராசம்மா என் காதில் ஆமாம் என்றாள்.

அதற்குப் பிறகு டாக்டரம்மாவின் முகம் மாறியது. சாதாரணப் பேதி என்றால் தண்ணீரும் உப்புச் சர்க்கரையுமே போதும், ஆன்டிபயாடிக் எழுதவே மாட்டேன் என்றாள். காய்ச்சலும் ரத்தமும் இருப்பதால்தான் எழுதுகிறாளாம். அதே காரணத்துக்காக, பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தொடவே கூடாதாம். இதயத்தில் கோளாறு உண்டா, வேறு என்ன மாத்திரை ஓடுகிறது, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, எல்லாம் கேட்டாள். ராசம்மா நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ரோஸ் நிற மருந்தை இதோடு சேர்த்துக் குடிக்காதே என்றாள். மூன்று மாத்திரை. தினம் ஒன்று, மூன்று நாள். கடைசியாக என்னைப் பார்த்து விரலை ஆட்டி, "ஸப் கானா ஹை, அம்மாஜி. ஏக் பீ நஹி சோட்னா" என்றாள். எல்லாவற்றையும் சாப்பிட வேண்டும், ஒன்றையும் விடக் கூடாது. நான் அதை ஒழுங்காகத்தான் தமிழில் சொன்னேன்.

புதன்கிழமை காலையில் காய்ச்சல் இல்லை. ராசம்மா எழுந்து தலை சீவினாள். ஜன்னலில் உப்புக்காற்று வந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துப் பனி இறங்குது என்றாள். எனக்கும் ஒரு நிமிஷம் பனிதான் தெரிந்தது. சிலோன் தோட்டத்துப் பனிக்குள் கொழுந்துக்கூடைகளோடு பெண்கள் ஏறிப்போனார்கள். என் வயிறும் அன்றைக்குக் கொஞ்சம் கடமுடா என்றது. அதைச் சொன்னதுதான் தாமதம், அவள் மிச்சம் இருந்த இரண்டு மாத்திரையையும் எடுத்துப் பாக்குவெட்டியில் வைத்தாள்.

"என்னடி பண்ற?"

"ஒரே சாறுதான குடிச்சோம்? ஒனக்குப் பாதி, எனக்குப் பாதி. மிச்சம் கப்பலுக்கு."

லயத்தில் அதுதான் வழக்கம். தோட்டத்து மருந்துக்காரர் ஒருத்தருக்குக் கொடுக்கும் மாத்திரையை அம்மா பாக்குவெட்டியில் நறுக்குவாள். ஒரே பானையில் சாப்பிட்டவர்களுக்கு ஒரே மருந்து. மிச்சத்தைச் சேலை முந்தியில் முடிந்துவைப்பாள். தனியாக மருந்து சாப்பிடுகிறவள் சுயநலக்காரி. நான் டாக்டரம்மாவின் விரலை நினைத்தேன். அப்புறம் தங்கச்சியின் உள்ளங்கையில் இருந்த பாதி மாத்திரையைப் பார்த்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எனக்கென்று ஒருத்தி பங்கு வைக்கிறாள். வாங்கி விழுங்கினேன். இனித்தது என்று சொன்னால் நம்புவீர்களா? கசப்புதான். ஆனாலும் இனித்தது.

வியாழக்கிழமை மத்தியானம் காய்ச்சல் திரும்ப வந்தது. நாக்கு உலர்ந்து, கண் உள்ளே போய், அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். மாத்திரை எல்லாம் சாப்பிட்டாயிற்றா என்று டாக்டரம்மா கேட்டாள். ராசம்மா தலையாட்டினாள். பொய் சொல்ல எனக்கும் நாக்கு நீண்டதுதான். கப்பல் மறுநாள். ஆனால் ஊசி குத்தியிருந்த அந்தக் கை, லயத்தில் நான் பிடித்து நடத்திய கை. அவள் சேலை முந்தியில் முடிந்திருந்த மாத்திரைத் துண்டுகளை அவிழ்த்து மேசையில் வைத்தேன்.

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்கு மருந்து பத்தவில்லை, பாதி அடி வாங்கிய கிருமி திரும்ப எழுந்துவிட்டது, உனக்கோ அந்த மருந்தே தேவையில்லை, வீணாக உடம்பில் இறக்கியிருக்கிறாய் என்று மெதுவாகச் சொன்னாள். மலத்தைச் சோதனைக்கு அனுப்பினாள். கப்பலில் போகலாமா என்று நான் கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்து, "நஹி, அம்மாஜி" என்றாள்.

வெள்ளிக்கிழமை கப்பல் போய்விட்டது. கட்டிலில் இருந்தபடி ராசம்மா அதன் சத்தம் கேட்குதா என்று கேட்டாள். கேட்கவில்லை. கேட்டது என்றேன். இந்தத் தடவை மாத்திரைகளை டாக்டரம்மா சொன்னபடி, சொன்ன நாள்வரை, நானே எண்ணி அவள் வாயில் போட்டேன். உனக்கு ஒன்று தரட்டுமா என்று கண்ணைச் சிமிட்டினாள். கையிலேயே ஒரு தட்டுத் தட்டினேன். என் பிஸ்கட் டப்பாவையும் அன்றைக்கே காலி செய்தேன். புலம்பெயர்ந்த வீடுகளில் இப்படி ஒரு டப்பா இல்லாமல் இருக்காது. இதைப் படிக்கிறவர்கள் எழுந்துபோய் உங்கள் டப்பாவைத் திறந்து பாருங்கள்.

விமானத்துக்கு முந்தின நாள் அவள் தேறி நடந்தாள். சாத்தம் படகுத்துறையில் ஏறி, எதிர்க்கரை பம்பூபிளாட் போகும் படகில் கூட்டிப்போனேன். கட்சாலுக்குப் பதிலாக என்னால் கொடுக்க முடிந்த கடல் அவ்வளவுதான். சூடத்தைப் படகில் கொளுத்த விடமாட்டார்கள். கையில் வைத்து நசுக்கினாள். வாசனை காற்றில் போனது.

"அம்மா எந்தப் பக்கம் அக்கா?"

தெற்கே கையை நீட்டினேன். அந்த நேரம் பார்த்துப் படகு கரை சேரத் திரும்பியது. என் கையை நான் இறக்கவில்லை. விரல் நுனி சாத்தத்தைத் தொட்டு, பம்பூபிளாட்டைத் தொட்டு, நடுவில் இருந்த வெறும் தண்ணீரைத் தொட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனது. ராசம்மா அது காட்டிய பக்கமெல்லாம் ஒன்று விடாமல் கும்பிட்டுக்கொண்டு வந்தாள்.