எழுத்து தீர்ந்துபோச்சு டீச்சர்

அந்தக் கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் தலைகீழாக உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளாலும் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நாலு வயதுப் பெண் ஒருத்தி உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்: "எல்லாரும் குடும்பத்தோட வந்துருங்க. பந்தியில ஐஸ்கிரீம் இருக்குது. மழை வரும், கொடை எடுத்துக்கினு வாங்க." பக்கத்தில் காக்கிச் சட்டையோடு நின்ற அவள் அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பாத்தீங்களா டீச்சர், யாரும் சொல்லியே குடுக்கல. தானா படிக்குது."

ஐயம்பேட்டைப் பால்வாடியில் எனக்கு அது முதல் வருடம். அந்த அப்பா, ஊருக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மத்தியானம் பால்வாடி விட்டதும் மகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டுதான் டிரிப் அடிப்பார். வழியில் கண்ணில் படும் போர்டையெல்லாம் அவள் படித்துக்கொண்டே வருவாள். ரேஷன் கடையில், "பாமாயில் வரல, நாளைக்கு வா." கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில், "புதுச் செருப்பு போட்டுக்கினு வராத, காணாம பூடும்." பட்டுக்கடையில், "சும்மா பிரிச்சுப் பாக்காதீங்க, மடிக்கிறது யாரு?" ஆட்டோவில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒருவரும் மறுத்ததில்லை, அவள் படித்ததில் எதுவும் பொய்யில்லை. அப்பாவும் விளையாட்டுக்குத்தான் பெருமைப்படுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பயிற்சி முடித்துவந்த சூடு ஆறாத காலம் அது. தப்பைக் கண்ட இடத்திலேயே திருத்திவிட வேண்டும் என்பது என் கொள்கை. பத்திரிகையை அவள் கையிலிருந்து வாங்கி நேராகத் திருப்பிக் காட்டினேன். "இது படிக்கிறது இல்லங்க. மனசுல தோணுறதச் சொல்லுது. பேப்பரையே தலைகீழா புடிச்சிருக்குது, நீங்க கவனிக்கலையா?" அவர் பத்திரிகையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "பிள்ளையாரப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் டீச்சர். நான் எழுத்தையே பாத்துக்கினு இருந்துட்டேன். எனக்கு அது எப்டிப் புடிச்சாலும் ஒண்ணுதான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் அவள் முன்னால் படப் புத்தகத்தை வைத்தேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்குப் படிக்க வராது டீச்சர்." அடுத்த நாளும் அதே பதில். ஆட்டோவிலும் வாயைத் திறப்பதில்லை என்று அவள் அப்பா சொன்னார். பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று பயணிகள் கேட்கிறார்களாம். அப்போதுதான் மற்றப் பிள்ளைகளை நான் சரியாகக் கவனித்தேன். அ, ஆ, இ, ஈ என்று அத்தனை பேரும் பாட்டாகப் பாடுவார்கள். ஆனால் புத்தகத்தை விசிறியாகவும், மழைநாளில் தொப்பியாகவும்தான் அவர்களுக்குத் தெரியும். தாளுக்குள் யாரோ நம்மிடம் ஏதோ சொல்கிறார்கள் என்பது தெரிந்த ஒரே பிள்ளையின் வாயை நான் அடைத்திருந்தேன். அதை எப்படித் திறப்பது என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வழியைக் கண்டுபிடித்தவர் அவள் அப்பாதான். ஒருநாள் காலையில் மகளோடு வந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை என்னிடம் நீட்டினார். "இதுல என்னா எழுதிருக்குது டீச்சர், கொஞ்சம் படிங்க." நான் படித்தேன். கோதுமை மாவு, சர்க்கரை, சமையல் எண்ணெய், அனுமதிக்கப்பட்ட நிறமி, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும். கைகட்டிக் கேட்டுக்கொண்டவர், "இவ்ளோதானா?" என்றார். இவ்வளவுதான் என்றேன். மகள் பக்கம் குனிந்தார். "டீச்சர் படிச்சா தூக்கம் வருதும்மா. நீ படி."

அவள் முதலில் என்னைத்தான் பார்த்தாள். நான் தலையசைத்தேன். பாக்கெட்டை இப்படியும் அப்படியும் திருப்பி, "எது மேல டீச்சர்?" என்று கேட்டுச் சரிபார்த்துக்கொண்ட பிறகு தொண்டையைச் செருமினாள். "உள்ள நாலு இருக்குது. அப்பாவுக்கு ஒண்ணு. தம்பிக்கு ஒண்ணு. எனக்கு ரெண்டு. டீச்சருக்குக் கெடையாது."

அதற்குப் பிறகு நான் திருத்தவில்லை. அவள் படிப்பதை அவள் படிப்பாள்; அதே தாளை நான் விரல் வைத்துப் படிப்பேன். அவளும் விரல் வைக்கப் பழகினாள். சில மாதங்கள் இப்படியே போயின. ஒரு சாயங்காலம் ஆட்டோவின் முன்கண்ணாடியில் இருந்த 'ஐயம்பேட்டை' என்ற பலகையில் விரலை ஓட்டி, "ஐயம்பேட்டை போவுது, சீட்டு இருக்குது, ஏறுங்க" என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். விரல் பலகையின் ஓரத்துக்கு வந்து காற்றில் நின்றது. திரும்பவும் தொடக்கத்துக்குப் போய் மெதுவாகச் சொல்லிப்பார்த்தாள். மறுபடியும் அதே கதை. "டீச்சர், எழுத்து தீர்ந்துபோச்சு. எனக்கு இன்னும் பேச்சு இருக்குது."

நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். சொல்லுக்கும் எழுத்துக்கும் கணக்கு இருக்கிறது என்று தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். அப்புறம், "இதுல 'பே' எது டீச்சர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

அப்பாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ரேஷன் கடைப் பலகையை அவள் "நி... யா... ய..." என்று இழுக்க ஆரம்பித்ததும் என்னிடம் புகாருக்கு வந்துவிட்டார். "முன்னாடி நல்லா படிச்சிக்கினு இருந்தா டீச்சர். உங்ககிட்ட வந்து திக்குவாய் ஆயிட்டா. பாமாயில் வந்துச்சா இல்லையான்னு தெரியறதுக்குள்ள கடைய மூடிட்றான்."

அந்தப் பெண் இப்போது சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். நான் அதே பால்வாடியில்தான் இருக்கிறேன். இன்றைய பிள்ளைகள் படப் புத்தகத்தை விரலால் தள்ளிப்பார்த்துவிட்டு, படம் நகரவில்லை என்று என்னிடம் புகார் சொல்கிறார்கள். எப்போது படிப்பான் என்று அம்மாக்கள் கேட்டால், முதலில் பேச விடுங்கள் என்கிறேன்.

போன வாரம் அவள் அப்பாவின் ஆட்டோவில் வந்தேன். மகள் எப்போதும் குரலில்தான் செய்தி அனுப்புவாளாம். கிளாஸில் இருந்தால் மட்டும் எழுத்தில் வருமாம். ஸ்டாண்டில் நின்றபோது போன் ஒலித்தது. எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, நிதானமாக எனக்குப் படித்துக் காட்டினார். "காலேஜுக்கு வந்து சேந்துட்டேன்பா. டிபன் சாப்ட்டேன். நீ வெயில்ல சுத்தாத, மாத்திரையப் போடு. சனிக்கெழம வரேன்." பிறகு, "கரெக்டா டீச்சர்?" என்று போனை என் பக்கம் திருப்பினார்.

திரையில் 'வந்துட்டேன்' என்று ஒரே ஒரு சொல் இருந்தது.

"ஒரு எழுத்துகூட விடலீங்க" என்றேன்.