கொங்கோப் பாட்டுக்கு ஒரு மண்டபம்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒஸ்லோவில் எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு நோர்வேஜியத் தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில் ஞாயிறு பின்னேரங்களில் கூடுவோம். ஆபிரிக்காவிலிருந்து புதிதாக வந்தவர்களிடம் ஊழியத்துக்குப் போகவேண்டும் என்று ஒரு மாரிகாலத்தில் சபையார் தீர்மானித்தார்கள். குறொன்லாண்ட் சுரங்கரயில் நிலைய வாசலில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்ததால் எனக்கு நோர்வேஜிய மொழி ஓரளவு ஓடும்.

முதல் சனிக்கிழமை, வாங்கியவர்கள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். மரவள்ளி மாப் பையைத் தோளில் சுமந்து வந்த உயரமான கொங்கோப் பெண் ஒருத்தி மட்டும் நின்று முழுவதையும் வாசித்தாள். பிறகு சிரித்தாள்.

“என் அப்பா போதகர். நான் ஊரில் பாடகர் குழு நடத்தியவள்,” என்று உடைந்த நோர்வேஜிய மொழியில் சொன்னாள். “இயேசுவை எனக்குத் தெரியும். பாடத்தான் இடம் தெரியாது.”

அவர்கள் சில குடும்பங்கள். முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவார்களாம். பாட்டுத் தொடங்கியதும் பக்கத்து வீட்டார் சத்தம் என்று வந்து மணியடிப்பார்களாம். சுவிசேஷம் சொல்லப் போன நான், அவளுடைய தொலைபேசி இலக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் ஆராதனை முடிந்ததும் எங்கள் மண்டபத்தை அவர்களுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டேன். சபையின் மூப்பர் தலையாட்டவில்லை.

“பிள்ளை, அவை மேளம் அடிப்பினம். பிறகு வெள்ளைக்காரர் எங்களையும் சேர்த்து வெளியிலை விட்டிடுவினம்.”

“ஐயா, வாங்கோ எண்டு நாங்கள்தானே பேப்பர் குடுத்தனாங்கள்,” என்றேன். “வாற ஆக்களை வாசலிலை வைச்சுத் திருப்பி அனுப்புறதோ?”

எங்கள் போதகர் சிரித்துவிட்டார். “அவ சொல்லுறது சரிதானே,” என்றார். ஒரு ஞாயிறு சேர்ந்து ஆராதிப்பது, பிறகு பார்ப்பது என்று முடிவானது.

அந்த ஞாயிறு பனி கொட்டியது. ஆராதனை தொடங்கும் நேரமாகியும் கொங்கோக்காரர் ஒருவரும் வரவில்லை. மூப்பர் என்னைப் பார்க்காமல் பாட்டுப் புத்தகங்களை அடுக்கினார். அப்போது படிகளில் பெரிய ஆரவாரம் கேட்டது. பளபளக்கும் துணியில் தலைக்கட்டுக் கட்டிய பெண்கள், கழுத்துப்பட்டி கட்டிய ஆண்கள், பிள்ளைகள். கடைசியாக அந்த உயரமான பெண் ஒரு குழந்தை வண்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அதற்குள் இரண்டு மேளங்கள் இருந்தன.

அவள் கையை உயர்த்தினாள். நான்கு குரல்களாகப் பிரிந்து அவர்கள் பாடியபோது என் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. மொழி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மூப்பரின் விரல்கள் முழங்காலில் தாளம் போடுவதைக் கண்டேன். இளவயதில் மிருதங்கம் வாசித்தவர் அவர்.

பாட்டின் நடுவில் கதவு திறந்தது. தேவாலயத்தைப் பராமரிக்கும் நோர்வேஜிய அம்மா, பனிச் சப்பாத்துடன் நின்றார். எழுந்து அவரிடம் போனேன்.

“சத்தம் அதிகமா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“இதை ஏன் கீழே வைத்துப் பாடுகிறீர்கள்?” என்றார். “உயிர்த்த ஞாயிறன்று மேலே வந்து பாடுங்கள். நான் பேசிக்கொள்கிறேன்.”

சொன்னபடி பேசி அனுமதி வாங்கினார். உயிர்த்த ஞாயிறு காலை, மேல் தேவாலயத்தில் அவர்களும் நாங்களும் ஒரே பாடகர் குழுவாக நின்றோம். அவர்களுடைய லிங்காலா மொழியில் ஒரு பாட்டு, தமிழில் ஒரு பாட்டு, நோர்வேஜிய மொழியில் ஒரு பாட்டு. கொங்கோ மேளங்களுக்குப் பக்கத்தில் வேட்டி கட்டிய மூப்பர் மிருதங்கத்தோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டுத்தான் நான் அதை அவர் வீட்டிலிருந்து காரில் ஏற்றிவந்தேன். அசையாமல் அமர்ந்து கேட்டுப் பழகிய நோர்வேஜியர்கள் இரண்டாவது பாட்டிலேயே எழுந்து நின்றார்கள். தெருவில் போனவர்கள் உள்ளே வந்தார்கள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் கொங்கோக்காரருக்கென்று ஒரு சபை அதே தேவாலயத்தில் தொடங்கியது. அதன் முதல் ஆராதனைக்கு எங்கள் சபை முழுவதும் போனோம். உட்கார இடம் கிடைக்கவில்லை. சுவரோரமாக நின்று, முடியும்வரை கைதட்டினோம்.