எங்களையும் கேட்டார்கள்

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில், தண்ணீர் வற்றும் கோடையில் ஒரு நாள் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். மூங்கில் ஊத்தாக்கூடை, வலை, வலை இல்லாத வீட்டில் கொசுவலை, அதுவும் இல்லையென்றால் பழைய சேலை, எதையும் கொண்டுவரலாம். ஆனால் ஊர்ப் பெரியவரான என் மாமா கரையில் நின்று துண்டை வீசும்வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. சத்தம் கேட்டால் விரால் சேற்றுக்குள் இறங்கிவிடுமாம். கப்பலூரில் எந்திரங்களுக்கு நடுவே வேலை பார்க்கும் எனக்கு, அத்தனை பேர் சேர்ந்து காத்த அந்த அமைதிக்குள் இன்னொரு தடவை நிற்க வேண்டும் போலிருக்கிறது.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, கண்மாயை மீன் வளர்க்கக் குத்தகைக்கு விடலாமா என்று எங்களையே கேட்க ஓர் அதிகாரி வந்தார். குத்தகை எடுப்பவர்தான் குஞ்சு விடுவார், அவரே பிடிப்பார். எங்கள் தெருவின் தூண்டில் பிழைப்பும் போகும், அந்த ஒரு நாளும் போகும். வேண்டாம் என்று சொல்லத்தான் தெருவே கூட்டம் நடந்த பள்ளிக்கூடத்துக்குப் போனது.

"ஆபீசரு மூஞ்சிக்கு நேரா கேக்குறேன் பாருங்க" என்றாள் அத்தை.

"மொதல்ல நான் ஆரம்பிக்கிறேன். பெறகு நீ எம்புட்டு வேணாலும் கேளு" என்று மாமா சிரித்தார்.

அதிகாரி நல்லவர். பொறுமையாக விளக்கினார். "நீங்க சொல்றதுதான் முடிவு. யாருக்காச்சும் மறுப்பு இருக்கா?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமாவோ மரியாதைக்காகத் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். அவர் தொடங்காமல் ஊர் தொடங்காது. அதிகாரி மறுபடியும் கேட்டார். பழகிய அமைதி.

"ரொம்ப சந்தோசம். எல்லாருக்கும் சம்மதம்."

"அய்யா..." என்று மாமா எழுந்தபோது நாற்காலிகளை எடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"டீ சாப்ட்டுப் போங்கண்ணே" என்றார் அதிகாரி.

கூட்டம் சீக்கிரம் முடிந்ததில் எனக்குச் சந்தோஷம். கையில் பிஸ்கட் வேறு. திரும்பும் வழியில், "மாமா, இந்த வருசம் மீன்பிடி எப்ப?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து என்னைத் தூக்கிக்கொண்டார். தூக்கிச் சுமக்கும் வயதா எனக்கு! கண்மாய்க் கரை முடியும்வரை இறக்கிவிடவே இல்லை. மாமாவுக்கு என்மேல் அவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.