கூலண்ட் குடித்த வண்டி

நம்பச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில். அதுவரை யாராவது பேய்க் கதை பேசினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான்.

என் பெயர் அனில்குமார். இராஜாக்கமங்கலத்தில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். போன மார்ச் மாதம் லீலாபாய் டீச்சர் ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்தார். நாகர்கோவிலில் தாணு என்கிற புரோக்கர் மூலம் வாங்கிய பழைய வண்டி. ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடுகிறது என்றார்.

பானெட்டைத் திறந்தேன். எஞ்சினைக் குளிர வைக்கிற கூலண்ட், அந்தப் பச்சைத் தண்ணீர், ஒரு சொட்டுகூட இல்லை. எங்கோ ஒழுகுகிறது என்று நினைத்து ரேடியேட்டருக்குள் காற்றழுத்தம் ஏற்றிப் பார்த்தேன். அழுத்தம் இறங்கவே இல்லை. ஹோஸ், வாட்டர் பம்ப் எல்லாம் காய்ந்து கிடந்தன. எஞ்சினுக்குள் இறங்கியிருந்தால் ஆயில் பால்காப்பி நிறத்துக்கு மாறும். வெள்ளைப் புகை தள்ளும். இரண்டும் இல்லை. ரேடியேட்டர் மூடியை மட்டும் மாற்றி, கூலண்ட் நிரப்பிக் கொடுத்தேன்.

நாலைந்து நாளில் திரும்பி வந்தார். காலி. மறுபடி நிரப்பினேன். மறுபடி வந்தார்.

அந்த முறை டீச்சர் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"அனிலு, ஒண்ணு கேக்கட்டா? நீயே எதையாவது லூஸ் பண்ணி விடுதியா?"

"என்ன டீச்சர், நான் அப்பிடி செய்வனா?"

"ஒழுகல்லங்கிற. பின்ன தண்ணி எங்க போவுது?"

பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. இந்தப் பேச்சு ஊருக்குள் பரவினால் ஒர்க்‌ஷாப்பைப் பூட்ட வேண்டியதுதான்.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போய்வந்தால் கூலண்ட் குறைவதில்லை. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க வெயிலில் நின்றால்தான் குறைகிறது. அப்படியானால் அங்கே யாரோ உருவுகிறார்கள். டீச்சருக்கு வேண்டாத யாரோ. கூலண்ட் டப்பாவின் மூடியையும் கழுத்தையும் சேர்த்துச் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டேன். யார் திருகினாலும் கோடு விலகிவிடும்.

இரண்டு நாள் கழித்து வண்டி வந்தது. டப்பா காலி.

கோடு விலகவில்லை.

சரி, நானே ஓட்டிப் பார்த்துவிடுகிறேன் என்று வண்டியை வாங்கி வைத்தேன். மறுநாள் மதியம் டப்பாவை நிரப்பி, சீல் உடைக்காத ஐந்து லிட்டர் கூலண்ட் கேன் ஒன்றைப் பின்சீட்டில் வைத்தேன். மண்டைக்காடு வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். நல்ல வெயில். ரோட்டில் ஆள் இல்லை.

1.20-க்கு முள் ஏற ஆரம்பித்தது. தென்னந்தோப்பு ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இறங்கினேன். பானெட்டைத் தூக்கினேன். டப்பா காலி. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. எஞ்சின் ஆறட்டும் என்று நிழலில் போய் நின்றேன்.

அப்போதுதான் கேட்டது.

டக்... டக்...

சூடான இரும்பு ஆறும்போது சத்தம் வரும். அது எனக்குத் தெரியும். இது எஞ்சினிலிருந்து வரவில்லை. வண்டியின் பின்பக்கத்திலிருந்து வந்தது.

டக்... டக்... டக்...

உள்ளே இருந்து கதவின் கைப்பிடியை யாரோ இழுத்து இழுத்து விடுகிற சத்தம்.

பக்கத்தில் போனேன். பின்சீட்டில் யாரும் இல்லை. ஆனால் ஜன்னல் கண்ணாடியில் வட்டமாக ஆவி படிந்திருந்தது. விரலால் துடைத்தேன். போகவில்லை. ஆவி உள்பக்கம் இருந்தது.

வட்டம் சுருங்கியது... விரிந்தது... சுருங்கியது.

மூச்சு.

கேனைப் பார்த்தேன். உள்ளே பச்சைத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. என் கண் முன்னால். பாதி... கால்...

மடக்... மடக்...

என் கை தானாகப் போய்க் கதவைத் திறந்தது.

அனல் முகத்தில் அடித்தது. ஏதோ ஒன்று என் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது.

அவ்வளவுதான்.

கேனை எடுத்தேன். காற்றைப் போல லேசாக இருந்தது. சீல் உடையவில்லை.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு பஸ் வருகிற ரோடு வரை ஓடினேன். சாயங்காலம் இரண்டு பேரைக் கூட்டிப்போய்த்தான் வண்டியை இழுத்துவந்தேன். அன்று கவனித்தேன், பின்கதவுகள் இரண்டிலும் சைல்டு லாக் போட்டிருந்தது. அதைப் போட்டால் உள்ளே இருப்பவர் என்ன இழுத்தாலும் கதவு திறக்காது. வெளியே நிற்பவர்தான் திறக்க வேண்டும். டீச்சரிடம் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பின்சீட்டில் அவர் யாரையும் ஏற்றியதும் இல்லை.

அடுத்த வாரம் நாகர்கோவில் போய் புரோக்கர் தாணுவைப் பிடித்தேன்.

"அந்த வெள்ள வண்டி ஆருக்க வண்டி அண்ணே?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ எதுக்கு மக்கா அத கேக்க?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கடை வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வண்டிய முன்ன வச்சிருந்தவனுக்க தம்பி ஒருத்தன் இருந்தான். புத்திக்குச் சொகமில்ல. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோற வழியில, ஒரு கல்யாணத்துல தலைய காட்டிட்டுப் போலாம்னு நிறுத்தியிருக்காவ. நல்ல உச்சி வெயிலு. எறங்கி ஓடிருவான்னு பின்னால லாக் போட்டு, கண்ணாடியையும் ஏத்திட்டுப் போயிட்டாவ. வந்து பாத்தா உசுரு இல்ல. ஹார்ட் அட்டாக்குன்னு சொல்லி முடிச்சிட்டாவ."

"அங்க வேற ஆரும் இல்லியா?"

"கல்யாணத்துக்கு வந்த டிரைவர்மாரு நின்னாவ. சத்தமும் கேட்டிருக்கு. 'சொகமில்லாத பயல், தொறந்து விட்டுராதீங்க'ன்னு சொல்லிட்டுல்லா போயிருக்காவ. அதான் ஒருத்தனும் தொறக்கல்ல."

"எவ்ளோ நேரம் கேட்டுதாம்?"

தாணு அண்ணன் மறுபடி வாசல் பக்கம் பார்த்தார்.

"ரெண்டாம் பந்தி முடியுறது வரைக்கும் கேட்டுதாம். சத்தம் நின்னதும், நல்லவேள, பய உறங்கிட்டான்னு நெனச்சாவளாம்."