மீன் தின்னாத மீன்கள்

மீன் தின்னாத மீன்கள்தான் எனக்கு வேண்டியிருந்தன. அன்று இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. வலியசாலை அக்ரகாரத் தெருவில் என் தாத்தா காலத்திலிருந்து இருக்கும் வீடு. அதற்குள் மீன் உயிரோடு வருவதே பெரிய சங்கதி. அது தின்பதற்காக இன்னொரு மீனின் பொடியும் உள்ளே வரவேண்டும் என்றால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. இந்த நிபந்தனையோடுதான் நான் தொட்டிக்கு மீன் தேர்ந்தெடுத்தேன். அதனால் என்ன ஆயிற்று என்று யாரிடமும் சொல்லவில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. நாம் சொல்வது அவளுக்கு முழுக்கப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் வெறும் சத்தம்தான் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வாராவாரம் வந்தாள். மலையாளி, பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகளைக் காட்டி, "இது எந்தாணு அம்மே?" என்று கேட்பாள். என் மனைவி அட்டையைப் பார்ப்பாள், பிறகு சுவரைப் பார்ப்பாள். ஒரு நாள் அந்தப் பெண் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"சாரே, அட்டையில உள்ள ஆப்பிளைப் பத்தி ஆருக்கும் ஒண்ணும் சொல்லத் தோணாது. அம்மைக்கு ஏதாவது சொல்லியே ஆகணும்னு தோணணும். ஜீவன் உள்ளது எதாவது முன்னாடி வைங்க. இப்பவே செய்யணும் கேட்டோ. வைகினா, லேட்டானா, பின்னே பேச்சு வராது."

மீன் தொட்டி என்பது பெங்களூரில் இருக்கும் என் மகளின் யோசனை. நாய், பூனை இந்த வீட்டில் நடக்காது. கிளியைக் கூண்டில் அடைப்பது அவள் அம்மாவுக்குப் பிடிக்காது. அதனால் முன்னறையில், கட்டிலில் படுத்தபடியே பார்க்கிற இடத்தில், ஒரு தொட்டி.

நான் அரசு உத்தியோகத்தில் இருந்தவன். முழுக்கப் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. மீன்களைப் பற்றியும் அப்படித்தான் படித்தேன். டைகர் பார்ப் பார்க்க அழகு, ஆனால் நீண்ட துடுப்புள்ள மீன்களைக் கண்டால் கடித்துக் குதறும். நியான் டெட்ரா பரம சாது, ஆனால் ஏஞ்சல் மீன் வளர்ந்ததும் அதை விழுங்கிவிடும். தங்கமீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், மற்றவற்றுக்கு வெதுவெதுப்பு. சம்பந்தம் பேசுவதற்கு முன் இரண்டு ஜாதகங்களை விரித்து வைத்துக்கொள்வதுபோல ஒவ்வொன்றையும் இன்னொன்றோடு வைத்துப் பார்த்தேன். கட்டிலருகே உட்கார்ந்து, போனில் படங்களை நகர்த்திக்கொண்டே, இது ஏன் வேண்டாம், அது ஏன் வேண்டாம் என்று மனைவிக்கு விளக்கினேன். எது வேண்டும் என்று அவளைக் கேட்கவில்லை. ஒருமுறை அவள் இடது கை விரலை ஒரு படத்தின்மேல் வைத்தாள். "அது தனியா வளக்கற மீன்" என்று சொல்லி அடுத்த படத்துக்கு நகர்த்திவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் எதுவும் அப்படித்தான் நடந்திருக்கிறது. புடவையிலிருந்து மகளின் படிப்புவரை நான்தான் ஆராய்ந்து முடிவு செய்வேன். அவள் தலையாட்டுவாள். அதை ஒற்றுமை என்று நினைத்திருந்தேன்.

கடை தம்பானூரிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தது. என் நிபந்தனையைச் சொன்னேன். கடைக்காரர் காதில் விழுந்ததை நம்பாமல் என்னைப் பார்த்தார்.

"வெஜிடேரியன் மீனா? சாரே, இதுவரை ஆரும் அப்படிக் கேட்டதில்லை கேட்டோ."

"தீனி டப்பாவில் மீன் தூள், இறால் தூள் என்று போட்டிருக்கிறதே?"

"அது எல்லாத்திலயும் உண்டு. கடல்ல போய் அதுங்களுக்கு சாம்பார் ஊத்த ஒக்குமோ?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் என் தேர்வில் உறுதியாக இருந்தேன். வெள்ளியில் வார்த்ததுபோல இரண்டு ஏஞ்சல் மீன்கள். காய்கறி கொடுத்தாலும் தின்னும் என்று படித்திருந்த பிளாட்டிகள் சில. கடைசியாக, கண்ணாடியில் வாயை ஒட்டவைத்துப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்த விரல் நீள மஞ்சள் மீன் ஒன்று. கடையில் அதற்கு கோல்டன் சக்கர் என்று பெயர். பாசிதான் அதன் ஆகாரம், தொட்டியையும் சுத்தமாக வைக்கும் என்றார் கடைக்காரர். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பாசி தின்கிற பிராணி யாருக்கும் தீங்கு செய்யாது என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் வளர்ந்தவனுக்கு அந்த எண்ணம் யோசிக்காமலே வரும். வளர்ந்த பிறகு அதன் குணம் மாறலாம் என்று நான் படித்த பக்கத்திலேயே ஒரு வரி இருந்தது. அதைப் படித்தேன், தாண்டிப் போனேன்.

மீன் பைகளோடு ஆட்டோவிலிருந்து இறங்கியபோது எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். என்னோடு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்ன ஓய், கடைசியிலே நீரும் மீன் வாங்கிண்டு வந்துட்டீரே! கொழம்பா, வறுவலா?"

"இதெல்லாம் சைவம் ஓய். உம்மை விட ஆசாரம்."

அந்தப் பதிலை நான் பல நாள் பலரிடம் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

தொட்டியில் மீன்களை விட்ட அன்று சாயங்காலம் என் மனைவி "வெள்ளை" என்றாள். கொஞ்சம் குழறலாக, ஆனால் தெளிவாக. ஏஞ்சல் மீன்களைத்தான் சொன்னாள். வீட்டில் தங்கி அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ், குளச்சல் பக்கத்துப் பெண், அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "அம்மா பேசுதாவ சாரே!" என்று அவள்தான் முதலில் அழுதாள். அடுத்த வாரங்களில் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. பசி. வந்தது. மேலே. ரெண்டு. பயிற்சிக்கு வந்த பெண் அட்டைகளைப் பையிலிருந்து எடுப்பதையே விட்டுவிட்டுத் தொட்டியைக் காட்டிக் கேட்க ஆரம்பித்தாள். இரண்டு ஏஞ்சல்களில் ஒன்று மனைவி கையை அசைத்தால் கண்ணாடிக்கு அருகில் வந்து நிற்கும். அதற்காகவே அவள் அந்த இடது கையைத் தூக்குவாள்.

நான் பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்து நசுக்கிப் போட்டேன். கீரைத் துண்டு போட்டேன். ஏகாதசியன்று அதுவும் கிடையாது.

"மீனுக்குமா சாரே விரதம்?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஒரு நாள் பட்டினி கிடந்தா வயிறு சுத்தமாகும்."

"எங்க ஊரு மீனு கேட்டா ஓடிப்போயிரும்."

மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "அப்பா, ஏஞ்சல் மெலிஞ்சாப்பல இருக்கே. கடைத் தீனி கொஞ்சம் போடேன்" என்றாள். இந்த ஆத்தில் அது நடக்காது என்றேன். சரி என்றாள். அவளும் தலையாட்டப் பழகினவள்தான்.

மஞ்சள் மீன் மட்டும் மெலியவில்லை. நீளமாகவும் கனமாகவும் ஆயிற்று. கண்ணாடியில் பாசி படர்ந்து கிடந்தது, அது அதைச் சீண்டவில்லை. ஒரு நாள் காலை அது ஏஞ்சலின் பக்கவாட்டில் வாயை ஒட்டவைத்திருந்தது. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "முத்தம் குடுக்குது பாருங்க சாரே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கட்டிலிலிருந்து என் மனைவி சத்தம் போட்டாள்.

"எடு."

"எதை எடுக்கணும்?"

"மஞ்ச எடு."

இரண்டு வார்த்தைகளைச் சேர்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை. நான் சந்தோஷப்பட்டேன். மகளுக்குப் போன் செய்து, "உங்கம்மாவுக்குப் பேச்சு வந்துடுத்து, மொதக் காரியமா எனக்கு ஆர்டர் போடறா" என்றேன். என்ன ஆர்டர் என்று சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அது முக்கியமாகப் படவில்லை.

ஆனால் மஞ்சளை எடுக்கவில்லை. கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அது இருந்தால்தான் தொட்டி சுத்தமாக இருக்கும், அது பாசி தின்கிற மீன், உடம்பில் ஒட்டியிருக்கிற அழுக்கைத்தான் எடுக்கிறது என்று அவளுக்கு விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மறுபடி "எடு" என்றாள். மறுநாளும் சொன்னாள். சோறு ஊட்டும்போது வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். நாள் முழுக்க அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பவள் அவள் ஒருத்திதான். அந்த மீன்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. இது எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

நர்ஸ் மதியம் குளிக்கப் போயிருந்தபோது நானே பார்த்தேன். மஞ்சள் மீன் வெள்ளையின்மேல் ஒட்டியிருந்தது. வெள்ளை அதை உதறிவிட முடியாமல் தொட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக்கொண்டு ஓடியது. அது விட்டு விலகியபோது வெள்ளையின் பக்கவாட்டில் செதில் போய்ச் சிவப்பாக, அந்த வாயின் அளவுக்கு ஒரு புண். பக்கத்தில் ஆறாத பழைய புண் ஒன்று. அது தின்றுகொண்டிருந்தது அழுக்கை அல்ல. பட்டாணியில் கிடைக்காததை அது அங்கே எடுத்துக்கொண்டிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை. சல்லடை வலை தொட்டிக்குப் பக்கத்து ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து ஒரு வாளியில் விட அதிக நேரம் ஆகாது. திரும்பிப் பார்த்தேன். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது எடுத்தால், இத்தனை நாள் அவள் சொன்னது சரி, நான் விளக்கியது தப்பு என்று ஆகிவிடும். எதிர்வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்பதும் மனதில் ஓடியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஓடியது.

தண்ணீரில் கொஞ்சம் கல் உப்பு போட்டேன். பிறகு, "நீ இதையே பாத்துப் பாத்து டென்ஷன் ஆயிண்டிருக்கே, பிரஷர் ஏறிடும்" என்று சொல்லி, நர்ஸ் வந்ததும் அவளையும் சேர்த்துக்கொண்டு கட்டிலைத் திருப்பிப் போட்டேன். அவள் முகம் ஜன்னல் பக்கம். தொட்டி தலைக்குப் பின்னால். அவளால் தானாகத் திரும்பிப் படுக்க முடியாது.

கட்டிலை நகர்த்தும்போது அவள் "எடு, எடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் காலையில் "வெள்ளை?" என்று கேட்பாள். நன்னாருக்கு என்பேன். ஒன்று செத்து மிதந்தது. அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் பின்கட்டில் நந்தியாவட்டைச் செடியடியில் புதைத்தேன். அன்றும் கேட்டாள். நன்னாருக்கு என்றேன். கையசைத்தால் வரும் மீன் அதற்கு அப்புறம் கொஞ்ச நாள் இருந்தது. கடைசி நாட்களில் மேலே வந்து சாய்ந்தபடி வாயைத் திறந்து திறந்து மூடியது. அதையும் புதைத்துவிட்டு வந்து கையைக் கழுவிக்கொண்டு நன்னாருக்கு என்றேன். பிளாட்டிகளும் ஒவ்வொன்றாகப் போயின.

அவளுக்கு உடம்பு துடைத்துவிடும்போது நர்ஸ் ஒரு பக்கமாகப் புரட்டிப் படுக்கவைப்பாள். வழக்கமாக ஜன்னல் பக்கம். ஒரு நாள் விரிப்பு நனைந்துவிட்டதால் மறுபக்கம் புரட்டினாள். நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "சாரே, அம்மா ஒரு மாதிரி பாக்காவ" என்று கூப்பிட்டாள். உள்ளே போனேன். தொட்டியில் மஞ்சள் மட்டும் நீந்திக்கொண்டிருந்தது. என் மனைவி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அதில் கோபம் இல்லை. முன்பே தெரிந்த ஒன்றைச் சரிபார்த்துக்கொள்கிற பார்வை.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அன்றே அவசரமாக வலையை எடுத்து மஞ்சளைப் பிடித்து, வாளியில் போட்டு, அவள் முகத்தருகே கொண்டுபோய், "இதோ எடுத்துட்டேன் பார்" என்று காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டாள். கட்டிலைப் பழையபடி திருப்பிப் போட்டேன். புதிய ஏஞ்சல் வாங்கிவருகிறேன், நீயே சொல், எது வேண்டும் என்று முதல் தடவையாகக் கேட்டேன். கண்ணைத் திறக்கவில்லை. வாளியில் இருந்ததை விட வேறு இடம் இல்லாமல் மறுபடி தொட்டியிலேயே விட்டேன். பயிற்சிக்கு வந்த பெண் திகைத்துப் போனாள். "நல்லா வந்துட்டிருந்ததாச்சே சாரே, எந்து பற்றி, என்ன ஆச்சு?" என்று கேட்டாள். சில பேருக்கு இப்படிப் பின்வாங்கும் என்று அவளே ஒரு பதிலையும் சொல்லிக்கொண்டாள். ஆடியில், கர்க்கடக மழை தொடங்கியபோது, பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

காரியங்கள் முடிந்த அன்று மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, அம்மா கடைசியா என்ன பேசினா?" என்று கேட்டாள்.

"நாராயணான்னா" என்றேன்.

அவள் தேம்பி அழுதாள். உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அதைச் சொன்னாள். இப்போது எங்கள் குடும்பத்தில் அது நடந்த விஷயமாகிவிட்டது. பேச்சே போனவளுக்குக் கடைசியில் நாமம் வந்தது பார் என்று எதிர்வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். என் மகள் மலையாளப் பள்ளியில் படித்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள், படிக்க வராது. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

தொட்டி அதே இடத்தில் இருக்கிறது. கடைத் தீனி வாங்கிப் போடுகிறேன், இறால் தூள் கலந்தது. டப்பாவைத் திறந்தாலே முன்னறை முழுக்க அந்த வாடை. மஞ்சள் மேலே வந்து ஆசையாகத் தின்கிறது. யாரையும் உறிஞ்ச வேண்டிய தேவை அதற்கு இப்போது இல்லை. உறிஞ்சவும் யாரும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அது இன்னும் இருக்கா அப்பா! அம்மா ஆசையாப் பாத்துண்டிருந்த மீனாச்சே. பத்ரமாப் பாத்துக்கோ."

"பாத்துக்கறேன்" என்றேன்.